உவர்க்காற்றும் கியர்த் தண்டும்

“கியர் விழுகுதில்லை” என்பது பழைய மோட்டார் வண்டி உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. சொல்பவரின் குரலைக் கேட்டால், வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டதோ என்று எண்ணத் தோன்றும். அது பொருந்தாத கவலையுமன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்நாட்டுக்கு வாகனங்கள் கொண்டுவருவது நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். திறந்த பின்னர் வந்தவற்றின் விலையோ மாதச் சம்பளக்காரரை வாசலிலேயே நிறுத்திவிட்டது. ஆகவே, தகப்பனார் காலத்து வண்டியைத் துடைத்துப் போற்றி வைத்திருப்பதை ஆடம்பரம் என்று கூறுதல் தகாது. பல வீடுகளில் அதுவே ஆஸ்பத்திரிக்குப் போகும் கால்.

எமது துறைமுகப் பக்கத்தில் இத்தகைய வண்டிகளுள் எம் கண்ணில் அதிகம் படுவது மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்பவர் வரைந்து, 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்து, 1971 வரை 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட சிறு வண்டி அது. பின்னாளில் மினி வண்டியை வரைந்தவரும் அவரே. 1957இல் ஆங்கிலேயக் கடற்படை திருகோணமலைத் தளத்தை விட்டு நீங்கிற்று. கப்பல்கள் போயின, உருண்டை முதுகுடைய இவ்வண்டிகளோ எம்மோடு தங்கிவிட்டன. இதிலே வேடிக்கை ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் பழைய மைனர்களைப் பேணுவதையே தொழிலாகக் கொண்டிருந்த சார்ள்ஸ் வேயர் என்பவர், 1990களில் இலங்கையில் அவற்றின் உடற்தகடுகளைச் செய்வித்துத் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றார். எமக்கு வண்டி விற்றவர்களுக்கு நாம் தகடு விற்ற கதை அது.

ஆயினும் தகட்டின் பகைவன் எம் ஊரிலேயே குடியிருக்கின்றான். உட்துறைமுகம் ஒருபுறம், ஒல்லாந்தர் குடா மறுபுறம். இரண்டுக்கும் இடையே வீசும் காற்றில் உப்பு இல்லாத நாள் இல்லை. உவர்மலை என்ற பெயருக்குப் பண்டிதர்கள் எக்காரணம் கூறினும் கூறுக. அங்கே நிறுத்தி வைத்த வண்டிகளின் அடியில் உவர் ஏறியிருப்பது கண்கூடு. வைகாசி தொடங்கி வீசும் கச்சான் கிறீஸை உலர்த்தி அதன்மேல் மணலையும் தூவுகின்றது. ஐப்பசி மழை வந்து அந்த மணலைச் சேறாக்குகின்றது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அப்பக்கத்து வண்டிகள் பாதையிலேறிக் கடல்நீர் தெறிக்கத் தெறிக்கக் கரை கடந்தவை. இத்தனையையும் தாங்கிய இரும்பு எங்கேனும் ஓரிடத்தில் இறுகத்தானே செய்யும்?

எமது அயலில் ஓய்வூதியம் பெறும் பெரியவர் ஒருவர் இருக்கின்றார். அவருடைய மைனரில் கியர்த் தண்டு சில மாதங்களாகவே முரண்டு செய்துகொண்டிருந்தது. ஒருநாள் மனைவியாரைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லும் வழியில், உவர்மலை இறக்கத்திலே மூன்றாம் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்ற முயன்றபோது தண்டு நடுவில் நின்றுவிட்டது. அப்பாலும் இல்லை, இப்பாலும் இல்லை. பிறேக்கை மட்டும் நம்பி வண்டியை ஓரங்கட்டினார். அன்றுமுதல் அம்மையார் அந்த வண்டியில் ஏற மறுத்துவிட்டார். “நான் ஓட்டோவிலேயே போறன்” என்ற அவர் சொல்லில் கோபம் இருக்கவில்லை. பெரியவரைச் சுட்டது அதுவே. கராஜ் ஒன்றில் காட்டினார். கியர்ப் பெட்டியை இறக்கவேண்டும் என்றார்கள். கேட்ட தொகை அவருடைய இரண்டு மாத ஓய்வூதியத்துக்கும் கூடுதல். இதை எவ்வாறோ அறிந்த ஒருவர், வண்டியை அடிவிலைக்கு வாங்கவும் வந்துவிட்டார். பெரியவர் அரைமனதாய் இணங்கியிருந்த வேளையில், கிண்ணியாவைச் சேர்ந்த வயது முதிர்ந்த மெக்கானிக் நானா ஒருவரை ஒருமுறை வரவழைத்துப் பார்க்கலாமே என்றோம்.

நானா செய்த முதற்காரியத்தை நேயர்கள் மனத்தில் இருத்துக. அவர் எஞ்சினை இயக்கவில்லை. ஆசனத்தில் அமர்ந்து, கிளச்சை மிதித்து, இரண்டு விரல்களால் தண்டைப் பிடித்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார். சில வேளைகளில் பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டி நிற்கும். அப்போது வண்டியைச் சற்றே முன்னும் பின்னும் அசைக்கச் சொன்னார். நின்ற வண்டியில் கியர்கள் இலகுவாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் விழ மறுத்தால், குற்றம் கிளச்சினுடையது. அது முற்றாய் விடுபடவில்லை என்பது பொருள். நின்ற வண்டியிலும் தண்டு இறுகினால் முதலில் தண்டையும் அதன் இணைப்புகளையும் ஐயுற வேண்டும். இச்சிறு பரீட்சைக்கு ஐந்து நிமிடமும் வேண்டியதில்லை, ஒரு சதமும் செலவில்லை. பெட்டியை இறக்கச் சொன்னவர்கள் இதைச் செய்தார்களா என்று பெரியவரைக் கேட்டோம். அவர் விடை கூறவில்லை.

“ஐயா, பெட்டிக்கு ஒண்டுமில்ல. தலையிலதான் வருத்தம்” என்றார் நானா.

பின்னர் விரிப்பை விலக்கினார். தண்டின் அடியைச் சுற்றியிருந்த றப்பர் உறை கல்லாய் இறுகி வெடித்திருந்தது. அந்த வெடிப்பின் வழியாகத்தான் மணலும் நீரும் இறங்கியிருக்கின்றன. உறையின் கீழுள்ள மூடியைக் கழற்றித் தண்டை மேலே உருவினார். உருவுவதற்கு முன் அவர் செய்த ஒரு வேலை எமக்கு மிகவும் பிடித்திருந்தது: சுற்றிலும் தூசியைத் துடைத்தெடுத்தார், தண்டை எடுத்த மறுகணமே சுத்தமான சீலைத் துண்டால் துவாரத்தை அடைத்தார். ஒரு திருகாணி உள்ளே விழுந்துவிட்டால், வேண்டாமென்று தவிர்த்த அதே பெட்டியை இறக்கியே தீரவேண்டும் அன்றோ? வீட்டில் தாமே இவ்வேலை செய்ய விரும்பும் இளைஞர் இதை மறத்தல் ஆகாது.

தண்டின் கீழே, மூட்டெலும்பின் தலைபோல, ஓர் உருண்டை இருக்கின்றது. கிண்ணத்துள் சுழலவேண்டிய அது, பழம்புளி நிறத்தில் இறுகிய கிறீஸாலும் துருவாலும் மூடப்பட்டிருந்தது. பக்கத்தில், தண்டு அதிராமல் அழுத்திப் பிடிக்கும் சிறிய சுருள்வில்லும் முளையும் உண்டு. முளை தன் குழியிலேயே துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. தண்டு நடுவில் நின்ற மாயம் இதுதான். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, மெல்லிய எமரித்தாளால் துருவை நீக்கி, துடைத்து உலர்த்திப் புதுக் கிறீஸ் பூசிச் சேர்த்தார்.

கிளச்சையும் அவர் விட்டுவைக்கவில்லை. மைனரின் கிளச் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவதன்று. மிதியிலிருந்து கம்பிகள் வழியே இழுக்கப்படுவது. கம்பிகளின் முனைகளும் மிதியின் அச்சும் தேயத்தேய, கால் முழுவதும் போனாலும் கிளச் அரைவாசியே விடும். கம்பியின் நட்டைத் திருகி அந்த இடைவெளியைச் சரிப்படுத்தலாம். அளவு வண்டியின் கைந்நூலில் உள்ளது. வெறும் அசைவு சிறிதேனும் இருத்தல் வேண்டும், இன்றேல் கிளச் வழுக்கித் தேய்ந்துபோம்.

ஒயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கியர்ப் பெட்டி என்றதும் தடித்த கியர் ஒயிலை ஊற்றுவது எம்மவர் வழக்கம். மைனர் 1000 வண்டியின் பெட்டிக்கு அதைச் செய்தவர்கள் குறித்ததோ எஞ்சினுக்கு ஊற்றும் ஒயிலையே. இக்காலத்துக் கியர் ஒயில்கள் சிலவற்றில் சேர்க்கப்படும் கந்தகச் சரக்கு, கியர்களை இணக்கும் பித்தளை வளையங்களை அரிக்கவல்லது. பெரியவரின் வண்டியில் யாரோ ஊற்றியிருந்த தடித்த ஒயிலை வடித்துப் புதிதாய் ஊற்றியதும், தண்டின் நடையில் தெரிந்த வேறுபாடு எமக்கே வியப்பளித்தது.

ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் போன்ற வண்டிகளில் தண்டு ஸ்ரியறிங்கோடு ஒட்டியிருக்கும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடி யாழ்ப்பாணத்தைத் தாங்கியவை அவை. அவற்றிலே பல கம்பிகளும் மூட்டுகளும் தொடராய் நிற்கின்றன. ஒவ்வொன்றின் சிறு தேய்வும் சேர்ந்து பெருந்தேய்வாகின்றது. நானாவிடம் கேட்டோம்; அவற்றுக்கு மூட்டு மூட்டாய்க் கிறீஸ் வைப்பதே முதல் மருந்து என்றார்.

இவை யாவும் செய்தும் தீராத குறை உண்டு. இரண்டாம் கியருக்கு இறங்கும்போது பெரியவரின் வண்டி இன்னும் மெல்ல முனகுகின்றது. அது உள்ளே வளையம் தேய்ந்ததன் குரல். அதற்குப் பெட்டியை ஒருநாள் இறக்கவே வேண்டும். அதுவரை கிளச்சை இருமுறை மிதித்து மாற்றும் பழைய வித்தை போதும் என்று நானா கற்றுக்கொடுத்தார். முதற் கியரோ வேறு கதை; இவ்வண்டிகளில் அதற்கு இணக்கு வளையமே கிடையாது. வண்டி ஓடிக்கொண்டிருக்கையில் அதில் போட்டுக் கரகரப்பு எழுந்தால் அது நோயன்று, பிறவிக் குணம். இரு கைகளாலும் இழுத்து வலோற்காரமாய்ப் போடுவோர்தாம் உள்ளிருக்கும் கவர்களை வளைத்து, ஐந்நூறு ரூபா வேலையை ஐம்பதினாயிரமாக்குபவர்கள்.

அரைநாளில் வேலை முடிந்தது. பெட்டியை இறக்கக் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கும் செலவாகவில்லை. வாங்க வந்தவர் திரும்பிப் போனார். அம்மையார் முதலில் கடற்கரை வீதிவரை வந்து பார்த்தார். அடுத்த கிளினிக்குக்கு மைனரிலேயே சென்றார். புதிய றப்பர் உறைதான் ஊரெங்கும் கிடைக்கவில்லை; சைக்கிள் ரியூப் துண்டை வெட்டிச் சுற்றிக் கட்டியிருக்கின்றது. மாரி தொடங்குமுன், நேயர் எவரிடமேனும் நல்ல உறை ஒன்று மிகுதியாய் இருந்தால் இப்பகுதிக்கு எழுதுக, பெரியவரிடம் சேர்ப்பிப்போம்.