வட்டப் பாதையில் ஓடும் இரயில் எங்கே போகிறது?



பள்ளிக் கண்காட்சிகளில் மாதிரி இரயில் அமைப்புகளை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். ஒரு பலகை, அதன்மேல் பச்சைத் தூள், நீள்வட்டமாக ஒரு தண்டவாளம், நடுவில் பனி படர்ந்த மலை ஒன்று. மின்விசையை அழுத்தியவுடன் இரயில் சுற்றத் தொடங்கும். மாணவர்கள் ஆரவாரம் செய்வார்கள். பெற்றோர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வார்கள். ஐந்து நிமிடம் சென்றபின் அந்த மேசையருகே எவரும் நிற்பதில்லை.

காரணம் எளிது. அந்த இரயிலுக்குப் போய்ச் சேர ஓர் இடமில்லை. புறப்பட்ட இடத்திற்கே அது மீண்டும் மீண்டும் வருகின்றது. எதை ஏற்றிச் செல்கின்றது, யாருக்காகச் செல்கின்றது என்று ஒரு மாணவன் கேட்பதற்கு அங்கே இடமே இல்லை. விளையாட்டுப் பொருள் என்ற அளவில் அதில் குறையொன்றுமில்லை. ஆனால், அதனைக் கல்விப் பொருள் என்று வகுப்பறைக்குள் கொண்டுவருவோமாயின், அந்தப் பாதையின் ஒரு முனையை வெட்டித் தண்ணீரில் கொண்டுபோய் நிறுத்தவேண்டும் என்பது என் கருத்து. அதாவது, அந்தப் பலகையில் ஒரு துறைமுகம் வேண்டும்.

துறைமுகம் வந்துவிட்டால் எல்லாம் மாறிவிடும். இரயில் அங்கே நின்றாக வேண்டும். பெட்டியில் உள்ள சரக்கு இறங்கவேண்டும், படகில் ஏறவேண்டும். இறக்குவதற்கு ஆள் வேண்டும். படகு அணைவதற்கு ஆழம் வேண்டும். நீர் வற்றும்போது என்ன செய்வது என்ற சிக்கல் வரும். ஆசிரியர் வாய் திறவாமலேயே பத்துக் கேள்விகள் பிறக்கும். செருமனியின் ஹம்பர்க் நகரில், பழைய துறைமுகக் கிடங்குக் கட்டடத்தில் 2001-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட உலகப் புகழ்பெற்ற மாதிரி இரயில் கூடத்தில், உண்மையான தண்ணீரையே நிரப்பிக் கடல் அமைத்துக் கப்பல் விட்டிருக்கின்றார்கள். அவர்களுடைய துறைமுகம் அவர்களுக்கு. நம் பிள்ளைகள் செய்வதற்கு நம் நாட்டிலேயே அருமையான ஒன்று இருக்கின்றது.

பேராக் மாநிலத்தில் இன்று கோலா செபெத்தாங் என்று வழங்கப்படும் ஊர்தான் அது. முன்னாளில் அதன் பெயர் போர்ட் வெல்ட். நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த சர் பிரடெரிக் வெல்டின் பெயரால் அமைந்தது. மலாயாவின் முதல் இருப்புப்பாதை தைப்பிங்கிலிருந்து இந்தத் துறைக்குத்தான் போடப்பட்டது. திறக்கப்பட்ட நாள் 1885-ஆம் ஆண்டு சூன் 1. நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். லாருட் வட்டாரத்தில் தோண்டி எடுக்கப்பட்ட ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுவந்து பினாங்கிற்கு அனுப்புவதே அதன் முதல் வேலை. இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படைப் பிரிவுகள் இரண்டு அந்தப் பாதையை அமைத்தன. இருப்புப்பாதையில் நம்மவர் வரலாறு அங்கிருந்து தொடங்குகின்றது. பின்னாளில் தண்டவாளம் பேணும் வேலையில் தமிழகத்துத் தொழிலாளர்களும், நிலைய அலுவலகங்களில் யாழ்ப்பாணத்துத் தமிழர்களும் நிறைந்திருந்ததை நம் மூத்தோர் பலர் அறிவர்.

ஈயத்திற்கு ஏன் இரயில் தேவைப்பட்டது என்று மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விடை வராது. ஒரு பிக்குல் என்பது ஏறத்தாழ 60 கிலோகிராம். உருக்கிய ஈயம் தண்ணீரைப்போல் ஏழு மடங்கிற்கு மேல் கனமுடையது. எனவே ஒரு பிக்குல் ஈயம் எட்டு லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் கொள்ளும் ஒரு வாளிக்குள் அடங்கிவிடும். ஆனால் அந்த வாளியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். மழையில் குழைந்த மண்பாதையில், காளைவண்டியில் இதனை ஏற்றிச் சென்றால் சக்கரம் என்னவாகும்? இந்தக் கணக்கைப் போட்ட மாணவனுக்கு 1885 என்ற ஆண்டை மனனம் செய்யவேண்டிய தேவையே இராது.

இனி, செய்முறைக்கு வருவோம். மாதிரி இரயிலில் பெரிதும் வழங்கும் அளவு 1:87. இந்த அளவில் 13 கிலோமீட்டர்ப் பாதையை முழுமையாக அமைக்க ஏறத்தாழ 150 மீட்டர் வேண்டும். நம் பள்ளித் திடலின் நூறு மீட்டர் ஓட்டப்பாதையும் போதாது. ஆகவே எதை விடுவது, எதை வைப்பது என்று மாணவர்கள் கூடிப் பேசித்தான் ஆகவேண்டும். 120 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ஒட்டுப்பலகை ஒன்று போதும் என்பேன். உண்மை அளவில் அது ஏறத்தாழ 104 மீட்டருக்கு 35 மீட்டர். பாதையின் கடைசி நூறு மீட்டரும் இறங்குதுறையும் மட்டும் அதில் வரும். தைப்பிங் பலகைக்கு வெளியே எங்கோ இருக்கட்டும். ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கு விகிதம் கற்பிக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

ஒரு நுட்பத்தை இங்கே சொல்லியாக வேண்டும். கடையில் விற்கும் 1:87 தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அது 1,435 மில்லிமீட்டர் அகலப் பாதைக்கு உரியது. நம் நாட்டுப் பழைய பாதைகளோ ஒரு மீட்டர் அகலமுடையவை. அவற்றுக்கு 12 மில்லிமீட்டர்த் தண்டவாளமே பொருந்தும். அது எளிதில் கிடைப்பதில்லை, விலையும் அதிகம். என் பரிந்துரை, வாங்கவே வேண்டாம் என்பதுதான். தீக்குச்சிகளை நறுக்கிக் குறுக்குக் கட்டைகளாக அடுக்கி, அவற்றின்மேல் மெல்லிய கம்பியை ஒட்டினால் தண்டவாளம் ஆயிற்று. இரயில் ஓடாதே என்பீர்கள். ஓடவேண்டும் என்ற கட்டாயம் என்ன? துறையில் நின்று சரக்கு இறக்கும் இரயிலை அல்லவா நாம் காட்டுகின்றோம்!

தண்ணீர்தான் இந்த வேலையின் உயிர். பெரும்பாலோர் தவறுவதும் இங்கேதான். நம் பிள்ளைகளிடம் தூரிகையைக் கொடுத்துக் கடலைத் தீட்டச் சொன்னால் தயங்காமல் நீலத்தை எடுப்பார்கள். பாடநூல் படத்தில் கடல் நீலம். வாழ்த்து அட்டையில் கடல் நீலம். ஆனால் கோலா செபெத்தாங் ஒரு கழிமுகம். சுற்றிலும் சதுப்புநிலக் காடு. அங்கே நீரின் நிறம் ஏறக்குறையத் தே தாரேக்கின் நிறம். கரையோ சாம்பல் பூத்த கருஞ்சேறு. இதனை நேரில் பார்த்த மாணவன்தான் பழுப்பு நிறத்தை எடுப்பான். பாராதவன் நீலத்தை எடுப்பான். ஒரு மாணவன் கண்ணால் கற்றானா, படத்தால் கற்றானா என்பதை அந்த ஒரு குவளைச் சாயம் காட்டிக்கொடுத்துவிடும்.

பலகையில் நீர்ப்பகுதியை முதலில் பழுப்பும் பச்சையும் கலந்து தீட்டி நன்றாகக் காயவிடவேண்டும். நடுவில் கருமையாகவும் கரையோரம் வெளிறியும் இருந்தால் ஆழம் தெரியும். அதன்மேல் நீரில் கரையும் பளபளப்பு வார்னிஷை மெல்லிய பூச்சுகளாக, ஒன்று காய்ந்தபின் ஒன்றாகப் பூசவேண்டும். அவசரப்பட்டு ஒரே தடவையில் ஊற்றினால் உள்ளே காயாமல் பால்போல் வெளுத்துவிடும். இரு கூறாக வந்து கலந்து ஊற்றும் ரெசின் அழகாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதன் ஆவியும் பிசுபிசுப்பும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றவையல்ல. வகுப்பறைக்குள் அது வேண்டாம்.

நீர்மட்டத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். கடல் ஏறுவதும் வற்றுவதுமான இடம் அது. நீர் இரண்டு மீட்டர் ஏறியிறங்கும் என்று கொண்டால், நம் பலகையில் அது 23 மில்லிமீட்டர். துறையின் தூண்களில் அந்த உயரம்வரை ஈரக்கறை தீட்டவேண்டும். அதற்கு மேலே மரம் வெளிறியிருக்கவேண்டும். வற்றிய நேரத்தைக் காட்டுவதா, ஏறிய நேரத்தைக் காட்டுவதா என்பதை மாணவர்களே முடிவு செய்யட்டும். வற்றிய நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் தொங்கான் ஒன்று சேற்றில் சாய்ந்து கிடக்கலாம். கரையோரக் கண்டல் மரங்களுக்குச் செப்புக்கம்பி இழைகளை முறுக்கி, அடியில் விரித்துவிட்டால் முட்டு வேர்கள் கிடைத்துவிடும். இலைகளுக்குக் கடற்பஞ்சைத் துருவிப் பச்சைச் சாயத்தில் நனைத்துக் காயவைக்கலாம்.

கோலா செபெத்தாங் என்றவுடன் பலருக்கு நினைவுக்கு வருவன, குவிமாடம் போன்ற கரிச்சூளைகள். அவற்றையும் வைக்கலாமே என்று ஆசை வரும். வைக்கக் கூடாது, 1885-ஐக் காட்டுவதாக இருந்தால். சூளைகள் பின்னாளில் வந்தவை. மின்கம்பமும் மோட்டார் வண்டியும் அப்படியே. எந்த ஆண்டு என்பதை முதலில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏட்டைப் புரட்டாமல் பலகையில் ஒரு கம்பத்தைக்கூட நடமுடியாது.

அடுத்து, மனிதர்கள். கடையில் விற்கும் பொம்மைகள் கோட்டும் தொப்பியும் அணிந்து பெட்டியோடு நிற்பவை. நம் துறைமுகத்திற்கு அவை பொருந்தா. 1:87 அளவில் ஒரு மனிதனின் உயரம் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். மூன்று அரிசி மணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திய உயரம். கம்பியும் களிமண்ணும் கொண்டு பிள்ளைகளே செய்யலாம். முகம் தெரியாது. முதுகு வளைந்திருக்கின்றதா, தோளில் சுமை இருக்கின்றதா என்பது தெரியும். அது போதும். பல மாதிரி அமைப்புகளில் எஞ்சின் பளபளக்கும். நிலையக் கூரையில் ஓடு எண்ணி வைக்கப்பட்டிருக்கும். வேலை செய்பவர் ஒருவர்கூட இருக்கமாட்டார். சரக்கு தானாகவே இறங்கியதோ?

சிலாங்கூர் ஆசிரியர்கள் தங்கள் துறைமுகத்தையே எடுத்துக்கொள்ள விரும்பலாம். இன்றைய கிள்ளான் துறைமுகம், போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் 1901-இல் திறக்கப்பட்டது. திறந்த சில மாதங்களுக்குள் மலேரியா கடுமையாகப் பரவித் தொழிலாளர்கள் படுத்த படுக்கையாயினர். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்னும் அளவிற்குப் பேச்சு எழுந்தது. கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடிக்கும் பணிகளை முன்னின்று வலியுறுத்தியபின் நோய் தணிந்தது. எனவே அந்தத் துறைமுகத்தைச் செய்யும் வகுப்பு, கப்பலுக்கு முன்னால் வடிகால்களைச் செய்யவேண்டும். மாதிரி இரயில் கடைகளில் வடிகால் விற்பதில்லை. குளிர்பான உறிஞ்சுகுழலை நெடுக்காகப் பிளந்தால் அழகான வடிகால் கிடைக்கும்.

பெற்றோர்களிடம் ஒன்று சொல்லவேண்டியுள்ளது, சிலருக்குக் கசக்கலாம். ஒப்படைப்பு வேலை என்றவுடன் இரவோடு இரவாக அப்பா செய்து முடிப்பதும், அதுவும் இயலாவிட்டால் பணம் கொடுத்துச் செய்வித்து வாங்குவதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டன. மறுநாள் அந்தப் பிள்ளை தன் பெயர் ஒட்டிய பொருளை, தொடவும் அஞ்சித் தூக்கி வருகின்றது. "இந்தக் கூரையை எதனால் செய்தாய்?" என்றால் விழிக்கின்றது. குற்றம் பெற்றோருடையது மட்டுமன்று. பளபளப்பானதற்கு முதல் பரிசு கொடுக்கும் நாமும் அதற்குக் காரணம். ஆறாம் ஆண்டுத் தேர்வு 2021-இல் நீக்கப்பட்டபோது, இனி வகுப்பறையிலேயே பிள்ளைகளை மதிப்பிடலாம் என்று மகிழ்ந்தவர்கள் நாம். அப்படியானால் கோணலான தூணையும் மேடுபள்ளமான தண்ணீரையும் ஏற்கும் மனம் நமக்கு வேண்டாமா? நடுவர்கள் பொருளை மட்டும் பார்க்காமல், பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம் மூன்று கேள்விகள் கேட்டுவிட்டு மதிப்பெண் போட்டால் வாங்கிய மாதிரிகள் தாமாகவே மறைந்துபோகும்.

அப்பாக்களுக்கு வேலை இல்லாமற் போகாது. பலகையை அளவாக அறுப்பதும் கூர்மையான கத்தியைக் கையாள்வதும் அவர்களுடையவை. தாத்தா, பாட்டியருக்கு அதைவிடப் பெரிய வேலை உண்டு. இருப்புப்பாதைக் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் இன்னும் பல குடும்பங்களில் இருக்கின்றார்கள். வரிசை வீடுகள் எப்படி இருந்தன, தண்ணீர்க் குழாய் எங்கே இருந்தது என்பதை அவர்களிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். 1885 அவர்களுக்குத் தெரியாதுதான். அவர்களுடைய காலத்தையே தனியாக இன்னொரு பலகையில் செய்யலாம்.

செலவு குறித்தும் பலர் தயங்குவார்கள். ஒட்டுப்பலகை, வெள்ளைப் பசை, சாயம், வார்னிஷ் ஆகிய நான்கும்தான் வாங்கவேண்டியவை. மற்றவை வீட்டிலும் குப்பையிலும் கிடைப்பவை. நேரந்தான் வேண்டும். வாரம் ஒரு மணி என்று வைத்தால் ஒரு தவணை முழுவதும் ஆகலாம். கணிதம், வரலாறு, கலைக்கல்வி, வடிவமைப்பும் தொழில்நுட்பமும் ஆகிய பாடங்களின் ஆசிரியர்கள் தங்கள் நேரத்தில் சிறிது பகிர்ந்துகொண்டால் இது இயலாததன்று.

பாதை பிற்காலத்தில் என்ன ஆயிற்று என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். 1903-க்குள் பிறையிலிருந்து சிரம்பான்வரை நீண்ட பாதை இணைந்துவிட்டது. பினாங்கிற்கு எதிரே உள்ள பிறைக்கு நேராகவே சரக்கு போகத் தொடங்கியபின், சேற்றில் நின்ற சிறு துறையின் தேவை குறைந்தது. இன்று அங்கே இரயில் இல்லை. பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை நிற்கின்றது. அதில் தமிழ் எழுத்திலும் ஊரின் பெயர் உண்டு. செல்பவர்கள் பிள்ளைகளோடு சென்று, அதன் நீள அகலத்தை அளவு நாடாவால் அளந்து வாருங்கள். பிறகு 87-ஆல் வகுத்துக்கொள்ளலாம். எழுத்து மிகச் சிறியதாக வரும். 0.3 மில்லிமீட்டர்ப் பேனா வைத்திருக்கும் மாணவியிடம் அந்த வேலையை ஒப்படைத்துவிடுங்கள்.