‘ஜப்பான் சாமான்’ எண்டால் கேள்வி கேட்கக் கூடாதோ?

வீட்டில் ஒரு வாகனம் எடுக்கப் போகிறோம் என்று வாய் திறந்து பாருங்கள். அரை மணித்தியாலத்துக்குள் மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணை எல்லாரும் நிபுணர்களாகி விடுவார்கள். “இந்தியன் வேண்டாம் தம்பி, சீனனைக் கிட்டவும் பாக்காதையுங்கோ. ஜப்பான் சாமான் எண்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.”

இந்தக் கண்ணை மூடுகிற விசயத்தைப் பற்றித்தான் நாங்கள் எழுத வேண்டியிருக்கிறது.

பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் ஒரே ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம்: மிட்சுபிஷி. எங்கள் ஊரில் ‘பொக்ஸ் லான்சர்’ என்று செல்லமாகச் சொல்லப்படும் பழைய கார், மரக்கறி மூட்டையோடு விடியச்சாமம் ஓடும் கன்டர் லொறி, பிள்ளைகளை ஏற்றும் ரோசா பஸ், அமைச்சர்மார் இறங்கி ஏறிய பஜிரோ, எல்லாம் இந்தப் பெயரோடு வந்தவை. வைத்திருந்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “இரும்பு. அடிச்சாலும் அசையாது.”

நாங்கள் சொல்ல வருவது இதுதான். வாகனம் வைத்திருப்பவரின் வாயிலிருந்து வரும் புகழ் ஊரெல்லாம் போகிறது. அதே வாயிலிருந்து வரும் குறை எங்கேயோ பூட்டப்படுகிறது. மிட்சுபிஷியின் வரலாற்றில் இது உவமை இல்லை, உண்மையாகவே பூட்டினார்கள். அந்தப் பூட்டுக்கு எங்கள் கையிலும் ஒரு திறப்பு இருக்கிறது.

முதலில் இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1870இல் இவாசாக்கி யதாரோ என்பவர் கப்பல் தொழிலில் தொடங்கியதுதான் மிட்சுபிஷி. அந்த மூன்று வைர இலச்சினை அவருடைய குடும்பச் சின்னத்தையும், அவர் சேவை செய்த தோசாப் பிரபுக்களின் சின்னத்தையும் சேர்த்து உருவானது. கப்பல், சுரங்கம், வங்கி என்று வளர்ந்த குழுமம் 1917இல் ‘மொடல் ஏ’ என்று ஒரு காரைச் செய்தது. கையால் செய்த அந்தக் கார்கள் மொத்தம் 22 மட்டுமே. காரில் பெரிய இலாபம் இல்லை, யுத்தத்தில் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் ‘சீரோ’ சண்டை விமானத்தை வடிவமைத்தது மிட்சுபிஷிதான். மியாசாக்கியின் ‘த விண்ட் ரைசஸ்’ படம் பார்த்தவர்களுக்கு அதன் பொறியியலாளர் ஹொரிகோஷி ஜிரோவைத் தெரிந்திருக்கும்.

ஆகவே மிட்சுபிஷி எங்கள் தீவுக்கு முதலில் வந்தது லான்சராக இல்லை. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்புக்கும், 9ஆம் திகதி திருகோணமலைக்கும் மேலே ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது, அவற்றுக்குக் காவலாகப் பறந்தவை சீரோக்கள். அந்த விமானங்களைச் செய்த நாகோயாத் தொழிற்சாலையில் வேலை வாங்கப்பட்ட கொரியப் பெண்களுக்கு நட்டஈடு கொடுக்கும்படி தென் கொரிய உச்ச நீதிமன்றம் 2018 நவம்பரில் மிட்சுபிஷி கனரகத் தொழில் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. கார் செய்யும் மிட்சுபிஷி மோட்டர்ஸ் அந்த நிறுவனத்திலிருந்து 1970இல் பிரிந்து வந்தது. இரண்டும் சட்டப்படி வேறு கம்பனிகள், அதை மறைக்க நாங்கள் விரும்பவில்லை. ஆனால் “நூற்றைம்பது வருசப் பாரம்பரியம்” என்று பெருமை பேசும்போது முழுப் பாரம்பரியத்தையும்தான் பேச வேண்டும். நல்லதை மட்டும் சொத்தாக எடுத்துக்கொண்டு, கடனைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ள முடியாது.

பெருமைக்கும் காரணம் இருக்கிறது. 1973இல் வந்த லான்சர், அடுத்த வருசமே கிழக்காபிரிக்காவின் சபாரி ரலியில் வென்றது. ஓட்டியவர் கென்யாவின் சீக்கியரான ஜோகிந்தர் சிங். 1976இலும் அவரே லான்சரில் வென்றார். 1982இல் வந்த பஜிரோ டக்கார் பந்தயத்தில் மொத்தம் 12 தடவை முதலிடம் எடுத்தது, அதில் 2001 முதல் 2007 வரை தொடர்ந்து ஏழு. சேற்றிலும் மணலிலும் இந்த வாகனங்கள் நின்றுபிடித்தது பொய் இல்லை. ஊரில் “இரும்பு” என்று சொல்பவர் கனவில் இருந்து சொல்லவில்லை, அவருடைய அனுபவத்தில் இருந்துதான் சொல்கிறார்.

ஆனால் அதே ஆளோடு இன்னும் பத்து நிமிசம் இருந்து கதைத்துப் பாருங்கள். “டீசல் பஜிரோ எண்டால் தண்ணியைக் கவனிக்க வேணும், சூடேறிச்சுதெண்டால் சிலிண்டர் ஹெட் வெடிச்சிடும்.” “ஜிடிஐ எஞ்சின் எண்டால் கிட்டப் போகாதையுங்கோ, கரி பிடிச்சுச் சீவன் போயிடும்.” இதெல்லாம் மெல்லிய குரலில், கராஜ் வாசலில் வரும் கதைகள். விற்பனை விளம்பரத்தில் வராது, கலியாண வீட்டில் வராது. பெறுமதியான அறிவு இதுதான், ஆனால் சத்தமாகச் சொல்லப்படுவதில்லை.

இந்தக் கராஜ் வாசல் அறிவு ஒரு கம்பனிக்குள் போனால் என்ன நடக்கிறது?

2000ஆம் ஆண்டு ஜூலையில் ஜப்பானின் போக்குவரத்து அமைச்சுக்கு உள்ளிருந்து ஒரு தகவல் போனது. அதிகாரிகள் போய்த் தேடியபோது, வாகனம் வைத்திருந்தவர்களின் முறைப்பாடுகள் இரண்டு வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. ஒன்று அரசாங்கத்துக்குக் காட்டுவதற்கு. மற்றது ‘எச்’ என்று குறியிட்டு ஒளித்து வைப்பதற்கு. ‘இரகசியம்’ என்பதற்கான ஜப்பானியச் சொல்லின் முதல் ஆங்கில எழுத்து அது. ஒளித்தவை ஊழியர்கள் உடுப்பு மாற்றும் அறையின் லொக்கர்களில் கிடந்தன. 1977இலிருந்து இது நடந்திருக்கிறது. குறை உள்ள வாகனங்களை அறிவித்துத் திரும்ப அழைத்து இலவசமாகத் திருத்திக் கொடுப்பதுதான் ‘ரீகோல்’. அதைச் செய்யாமல், முறைப்பாடு சொன்னவருக்கு மட்டும் சத்தமில்லாமல் திருத்திக் கொடுத்து அனுப்பினார்கள். சொல்லாதவர் அதே குறையோடு ஓடிக்கொண்டிருந்தார். பிடிபட்ட பிறகு ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களைத் திருப்பி அழைக்க வேண்டி வந்தது. தலைவர் பதவி விலகினார். மன்னிப்புக் கேட்டார்கள்.

அதோடு முடிந்திருந்தால் நாங்கள் இதை எழுதியிருக்க மாட்டோம்.

2002 ஜனவரி 10ஆம் திகதி, யொகொஹாமா. ஓடிக்கொண்டிருந்த மிட்சுபிஷி கனரக வாகனமொன்றின் முன் சில்லு கழன்று உருண்டது. ஏறத்தாழ 140 கிலோ நிறை. நடைபாதையில் தன் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு போய்க்கொண்டிருந்த 29 வயதுத் தாயின் மேல் அது மோதியது. தாய் இறந்துபோனார். பிள்ளைகள் காயத்தோடு தப்பினார்கள்.

நிறுவனம் என்ன சொன்னது? பராமரிப்புச் சரியில்லை. அதாவது வாகனம் வைத்திருந்தவரின் பிழை. சில்லை அச்சோடு பிடித்து வைத்திருக்கும் ‘ஹப்’ என்ற பாகத்தின் குறை அது என்று ஒத்துக்கொள்ள 2004 வரை எடுத்தது. இத்தனைக்கும் 1999இலேயே ஹிரோஷிமாவில் ஒரு பஸ்ஸின் சில்லு அதேமாதிரிக் கழன்றிருந்தது. அப்போதும் அது தனிச் சம்பவம் என்று அமைச்சுக்கு அறிக்கை கொடுத்துவிட்டார்கள். 2002 ஒக்டோபரில் யமகுச்சியில் இன்னொரு லொறியின் கிளச் பகுதி உடைந்து, பிரேக் குழாய் அறுந்து, சாரதி இறந்தார். அங்கேயும் பழி முதலில் சாரதியின் தலையில்தான் விழுந்தது. இறந்தவர் திரும்பி வந்து “பிரேக் பிடிக்கேல்லை” என்று சொல்ல மாட்டார்தானே.

பிறகு வழக்கு நடந்தது. யொகொஹாமாச் சம்பவத்தில் முன்னாள் அதிகாரிகள் இருவருக்கு ஒத்திவைத்த சிறைத் தண்டனை, 2012இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. யமகுச்சிச் சாவுக்கு முன்னாள் தலைவரே குற்றவாளியானார்.

“சரி, அது பழைய கதை, திருந்தியிருப்பாங்கள்” என்று சொல்ல வருபவர்களுக்கு: 2016 ஏப்ரல். நான்கு சிறிய கார் மாதிரிகளின் எரிபொருள் சிக்கனத்தைக் கூட்டிக் காட்டுவதற்காகப் பரிசோதனைத் தரவுகளை மாற்றியதாக அதே நிறுவனம் ஒத்துக்கொண்டது. 6 இலட்சத்து 25 ஆயிரம் கார்கள், பெரும்பகுதி நிசானின் பெயரில் விற்கப்பட்டவை. நிசான் தன்பாட்டில் அளந்து பார்த்து “கணக்கு ஒத்துவரேல்லையே” என்று கேட்டபிறகுதான் விசயம் வெளியே வந்தது. கிளறக் கிளற, சட்டத்தில் சொல்லாத முறையில் 1991இலிருந்தே அளந்து வந்தது தெரிந்தது. அந்த வருசமே நிசான் 34 சதவீதப் பங்கை வாங்கியது. ஜப்பானில் அந்தக் கார்களை வைத்திருந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு இலட்சம் யென் தருவதாக அறிவித்தார்கள்.

இந்த இடத்தில் மாமாமார் மூன்று பதில் வைத்திருப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

முதலாவது: “எல்லாக் கம்பனியும் உதைத்தானே செய்யுது.” உண்மை. வொக்ஸ்வாகன் புகையில் ஏமாற்றியது 2015இல் தெரிந்தது. டக்காட்டாவின் காற்றுப்பைகள் உலகம் முழுக்க ஆட்களைக் கொன்றன. ஆனால் எல்லாரும் செய்கிறார்கள் என்றால் எல்லாரையும் கேள்வி கேட்க வேண்டும் என்பதுதானே முடிவு? ஒருத்தரையும் கேட்கத் தேவையில்லை என்று எப்படி வரும்?

இரண்டாவது: “என்ரை வண்டி இருபது வருசம், ஒரு பிரச்சினையும் இல்லை.” சந்தோசம். ஆனால் அந்த ஹப் கூட எல்லா லொறியிலும் உடையவில்லை. ஒரு வீட்டு அனுபவம் ஒரு வீட்டுக்குத்தான் சாட்சி. ஆயிரம் வீட்டு அனுபவங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் குறை எங்கே என்று தெரியும். அதனால்தான் அந்த முறைப்பாடுகளை ஒன்றுசேர விடாமல் லொக்கரில் வைத்தார்கள்.

மூன்றாவது: “அப்ப ஏன் இன்னும் ஓடுது?” இதற்குப் பதில் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோலைக் கண்ணால் காணாத நாட்களில், ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ்களும் துளிப் பெற்றோலில் உயிர் பிடித்து மண்ணெண்ணெயில் ஓடின. அந்தக் கார்களைச் செய்த பிரித்தானியப் பெயர்களே சந்தையில் இல்லாமல் போன பிறகும் அவை எங்கள் ஒழுங்கைகளில் ஓடின. அதைப் பார்த்து யாராவது “பிரித்தானியச் சாமான் எண்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்” என்று சொன்னார்களா? இல்லை. மெக்கானிக் அண்ணையின் கைராசி என்றார்கள். அது சரியான பதில். இல்லாத பாகத்தை லேத்தில் கடைந்து போட்டவர், தண்ணி குறையுதா என்று ஒவ்வொரு விடியலும் பொனற்றைத் திறந்து பார்த்த சாரதி, இவர்களுடைய உழைப்பை லான்சருக்கும் கன்டருக்கும் வரும்போது மட்டும் ஏன் மூன்று வைரத்துக்கு எழுதிக் கொடுக்கிறோம்?

காரணம் காசு. இந்த நாட்டில் வாகனம் என்பது நகை மாதிரி. 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். இடையில் பழைய வாகனங்களின் விலை வாங்கிய விலையையும் தாண்டிப் போனது. அப்படியான சந்தையில் வாகனம் வைத்திருப்பவர் வெறும் பாவனையாளர் இல்லை, நாளைக்கு விற்கப் போகிறவர். “ஹெட் ஒருக்கால் வெடிச்சது” என்று சொன்னால் விலை விழும். ஆகவே வாய் மூடுகிறது. அடுத்து வாங்குபவர் அதே பொய்யை முழுப் பெறுமதியில் வாங்கி, அதே விலைக்கு விற்கத் தானும் வாய் மூடுகிறார்.

இதில் எங்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஜப்பானில் ரீகோல் வந்தால் அங்கே பதிவில் உள்ளவருக்குக் கடிதம் போகும். பழைய வாகனமாகக் கப்பல் ஏறி அம்பாந்தோட்டையில் இறங்கியதும் அந்த முகவரி செத்துவிடுகிறது. பருத்தித்துறையில் அதை ஓட்டுபவருக்குத் தபால்காரன் வரமாட்டான். வாங்கும்போது ஒக்சன் ஷீற் கேட்கிற எங்கள் ஆட்கள், சேசிஸ் இலக்கத்தைக் கம்பனியின் ஜப்பானிய இணையப் பக்கத்தில் போட்டு ரீகோல் இருக்கிறதா என்று பார்ப்பது அரிது. கையில் போன் இருக்கிறது, மொழிபெயர்க்கும் வசதி இருக்கிறது. வீட்டில் உள்ள வாகனத்துக்கு இதைச் செய்து கொடுக்க எங்கள் வயசுக்காரரால் முடியும்.

மிட்சுபிஷி வாங்காதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ரொயோட்டா வாங்குங்கள் என்றும் சொல்லவில்லை. ஒரு பெயரை விட்டு இன்னொரு பெயரைக் கும்பிடுவதால் எதுவும் மாறாது. நாங்கள் கேட்பது: உங்கள் வாகனத்தின் குறையைச் சத்தமாகச் சொல்லுங்கள். விற்கும்போதும் சொல்லுங்கள். எந்தப் பாகம், எத்தனை கிலோமீற்றரில், எத்தனை தடவை என்று சொல்லுங்கள். மெக்கானிக்மார் தங்களுக்குள் மட்டும் வைத்திருக்கும் அறிவைக் கேட்டு எழுதி வையுங்கள். ஒரு விபத்து நடந்தால் “சாரதி வேகமா வந்திருப்பான்” என்று முதல் வார்த்தையாகச் சொல்வதை நிறுத்துங்கள்.

யொகொஹாமாவில் அந்தத் தாய் மிட்சுபிஷி வாங்கியவர் இல்லை, ஓட்டியவரும் இல்லை. பிள்ளைகளோடு தெருவோரமாக நடந்து போனவர். பாவிக்கிறவர்களின் குறையை லொக்கருக்குள் வைத்துப் பூட்டினால், அதற்கான விலையைக் கொடுப்பது கம்பனியோ வாகனச் சொந்தக்காரரோ மட்டும் இல்லை.

அடுத்த முறை வீட்டில் யாராவது “கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்” என்றால், மரியாதையோடு ஒன்றைக் கேளுங்கள்: “மாமா, உங்கட வண்டியிலை இதுவரைக்கும் என்னென்ன பழுது வந்தது?” அவர் கொஞ்ச நேரம் யோசிப்பார். பிறகு மெல்லமாக ஒன்றொன்றாக வரும். அதைக் கவனமாகக் கேளுங்கள். நீங்கள் வாங்கப் போகும் வாகனத்தைப் பற்றி அவர் முதல் தடவையாக உண்மை சொல்கிறார்.