எல்லைக் கோட்டை எண்ணாக்கும் அரை மணி நேரம்

புள்ளியியல் வகுப்பில் சூத்திரங்களுக்கு ஒரு பருவம் முழுக்க ஒதுக்குகிறார்கள். வரைபடக் கோப்பை மென்பொருளுக்கு ஏற்றபடி மாற்றுவதற்கோ, "அது ஒரு கட்டளைதானே" என்று அரை மணி நேரம்! விடை கெட்டுப்போக அந்த அரை மணி நேரமே போதும்.

ஸ்காட்லாந்தின் உதட்டுப் புற்றுநோய்த் தரவை எடுத்துக்கொள்ளுங்கள். 1975 முதல் 1980 வரை, 56 மாவட்டங்கள். பாடப்புத்தகங்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் உதாரணம். ஒரு மாவட்டத்தின் ஆபத்தைக் கணிக்க அக்கம்பக்கத்து மாவட்டங்களின் தகவலையும் சேர்த்துக்கொள்கிறார்கள். யார் பக்கத்து வீடு என்பதை எல்லைப் புள்ளிகளை ஒப்பிட்டே மென்பொருள் கண்டுபிடிக்கிறது. கோப்பின் அளவைக் குறைக்க ஒவ்வொரு மாவட்டத்தின் எல்லையையும் தனித்தனியே எளிமையாக்கினால், இருவருக்கும் பொதுவான கோடு இரண்டாகி நடுவே விரிசல் விழும். படத்தில் கண்ணுக்குத் தெரியாது. மென்பொருளுக்கு மட்டும் இருவரும் இனி அண்டை வீட்டார் இல்லை. ஷெட்லாந்து, ஆர்க்னி, மேற்குத் தீவுகள் மூன்றும் நிஜமாகவே தனித்து நிற்பவை. நிலத்தின் நடுவே இருக்கும் ஒரு மாவட்டம் நான்காவது தீவாகிவிட்டால்? பட்டியலில் அதற்கும் அதே பூஜ்யம்தான். எது கடல், எது கோளாறு என்று அந்த எண் சொல்லாது.

ஆர் மொழியின் ஸ்பாட்ஸ்டாட் தொகுப்பு இன்னொரு கதை. வெளி எல்லையை இடஞ்சுழியாகவும், உள்ளே உள்ள துளைகளை வலஞ்சுழியாகவும் கேட்கும். முதல் புள்ளியைக் கடைசியில் திரும்ப எழுதக்கூடாது. ஷேப்ஃபைல் இதற்கு நேர் எதிர். புள்ளிகளை அப்படியே கொடுத்தால் பரப்பு எதிர்மறையாக வருகிறது என்று ஸ்பாட்ஸ்டாட் மறுத்துவிடும். மாணவர்கள் திட்டுகிறார்கள். பாவம், அது நல்லதைத்தான் செய்கிறது!

பயப்பட வேண்டியது சத்தம் போடாத தவறுக்கு. தீர்க்கரேகை, அட்சரேகைப் பாகைகளை அப்படியே கொடுத்தால் அதே தொகுப்பு வாயே திறக்காது, சமதளம் என்றே எடுத்துக்கொள்ளும். ஷெட்லாந்து இருக்கும் 60 பாகை வடக்கில், அட்சரேகையில் ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர். தீர்க்கரேகையிலோ சுமார் 56தான். கிழக்கு மேற்கு தூரமெல்லாம் இரு மடங்காகிவிடும். முதலில் பிரிட்டிஷ் தேசியக் கட்டத்துக்கு, அதாவது மீட்டருக்கு மாற்றியாக வேண்டும்.

சரிபார்க்க ஒரு வரி நிரல் போதும். ஸ்காட்லாந்தின் பரப்பு சுமார் 78,000 சதுர கிலோமீட்டர். மாற்றிய கோப்பின் பரப்பு அதற்குப் பக்கத்தில் வர வேண்டும். 11, 12 என்று வந்தால் அது இன்னும் சதுரப் பாகையிலேயே இருக்கிறது.