முற்றத்து வளைக்கு நஞ்சு வேண்டாம்

வீட்டு முற்றத்திலும் தோட்டத்து வரப்பிலும் பெருச்சாளி வளை தோண்டியதைக் கண்டவுடன் நஞ்சைத் தேடுவது நம் அங்கத்தினர் பலருக்கு வழக்கமாகிவிட்டது. இது தகாதென்பது நமது அபிப்பிராயம். நஞ்சுண்ட எலியைத் தின்னும் கூகையும் பாம்பும் மடியக்கூடும். எலிகளுக்கு இயற்கைப் பகை அவையே. சங்கன், பதுமன் என்னும் நாகர்களின் கதை வழங்கும் சங்கரன்கோவிலில், புற்றுமண்ணைப் பிரசாதமாகப் பெறும் நாம் இதைச் செய்யலாமோ?

வளைக்குக் காரணம் பெரும்பாலும் நாமே. பாவுக்கு இட்ட கஞ்சியின் மிச்சம், களத்தில் சிந்திய தானியம், குழித்தறியோரம் குவிந்த கழிவு நூல் ஆகியன அதற்கு உணவும் மறைவுமாம். முதலில் இவற்றை அகற்றுக. மாலையில் வளைவாயை மண்ணால் இலேசாக மூடுக. காலையில் திறந்திராவிடில் அது வெற்று வளை. கல்லும் ஓட்டுத் துண்டும் இட்டு இறுக அடைக்கலாம். திறந்திருப்பின் அங்கே பொறி வைக்கலாம். கூண்டோடு நீரில் அமிழ்த்துவது கொடுமை. அயலார் நிலத்தில் விடுவதும் முறையன்று. கொல்லத்தான் வேண்டுமெனில், ஒரே அடியில் உயிர் போக்கும் பொறியே மேல். வயலில் குறுக்குக்கட்டை பொருத்திய கழிகளை நட்டால், இரவில் கூகை வந்தமரும்.

நிற்க. நீள்மூக்கு மூஞ்சூறு எலியினமன்று. கரப்பான் முதலிய பூச்சிகளைத் தின்பது. கூண்டில் அகப்பட்டால் அதைத் திறந்துவிடுக.