மென்பொருள் புகுந்த புலவர்

தமிழ்த்துறையை விட்டு மென்பொருள் நிறுவனத்துக்குச் சென்றவரைப் பற்றிப் பேசுகையில் நம் குரலில் ஓர் இரங்கல் ஒலிக்கிறது. தேவையற்ற இரங்கல். நம்மோடு பணியாற்றிய நண்பர் ஒருவர் இப்போது மென்பொருள் சோதனைப் பிரிவில் இருக்கிறார். காலைதோறும் அனைவரும் நின்றபடியே நடத்தும் 15 நிமிடக் கூட்டத்தில் அவர் பங்கு இரண்டு நிமிடம். முன்னுரைக்கே போதாது என்கிறார்!

'தமிழ்' என்பதில் எத்தனை எழுத்து? மூன்று என்போம். யூனிகோடு குறிகளை எண்ணும் நிரல் ஐந்து என்கிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. மெய்யோடு அகரம் சேர்ந்து 'க' பிறக்கும் என்பது நம் இலக்கணம். யூனிகோடிலோ 'க' முதலில் நிற்கிறது. புள்ளி சேர்ந்தால்தான் அது 'க்'. 1988ஆம் ஆண்டின் இஸ்கி முறையிலிருந்து 1991இல் யூனிகோடுக்கு வந்த வழக்கம் இது. பெயருக்கு 12 இடம் ஒதுக்கிய படிவமொன்று, எட்டே எழுத்துள்ள 'திருநாவுக்கரசு' என்பதைத் 'திருநாவுக்கர' என நிறுத்திவிட்டது. நிரலருக்குப் புரியாத பிழை. நண்பருக்கோ எழுத்தியலின் முதற்பாடம்.

நன்னூலின் பத்துக் குற்றங்களையும் அவர் நிரலில் காண்கிறார். ஒரே கட்டளைத் தொடர் ஈரிடத்தில் வந்தால் கூறியது கூறல். எவரும் அழைக்காத பகுதி நின்று பயனின்மை. (கூட்டத்தில் அவர்மீது சாட்டப்படுவது மற்றொன்று விரித்தல்.) நம் மாணவரோ அப்பட்டியலை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து, தேர்வறையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். எழுத்தியல் நடத்தும் நாளில் யூனிகோடு அட்டவணையையும் கரும்பலகையில் எழுதிக் காட்ட எந்தப் பாடத்திட்டமும் நமக்குத் தடை சொல்லவில்லை.