கருப்புத் திரையில பாத்தா திருட்டு இல்லையாம்!

அனி-சிஎல்ஐ பத்தி எங்க ஹாஸ்டல்ல ஒரு கோஷ்டி பேசுறதைக் கேட்டா, ஏதோ சுதந்திரப் போராட்டமே நடக்குற மாதிரி இருக்கும். டெர்மினல்ல அனிமே பேரைத் தட்டினா பட்டியல் வரும், எபிசோடு நம்பரைக் குடுத்தா எம்பிவி பிளேயர்ல ஓடும். விளம்பரம் இல்லை, லாகின் இல்லை. வேலைன்னு பாத்தா அருமையான வேலை, மறுக்கவே மாட்டேன். ஆனா "ஓப்பன் சோர்ஸ் மச்சி, கட்டற்ற மென்பொருள், இதுல என்ன தப்பு?"ன்னு ஆரம்பிப்பாங்க பாருங்க, அங்கதான் கடுப்பு ஏறும்.

கட்டற்றது எது சாமி? அந்த ஸ்கிரிப்ட். ஜிபிஎல் 3 உரிமம் அந்த ஷெல் கோப்புக்குத்தான், அது தேடிப் புடிச்சுட்டு வர்ற தொடருக்கு இல்லை. உரிமம் வாங்காம வீடியோ ஏத்தி வச்சிருக்குற ஏதோ ஒரு தளத்தை கர்ல் வச்சு இழுத்து, செட், கிரெப் வச்சு வீடியோ முகவரியைப் பிரிச்சு எடுக்குது, அவ்ளோதான். ஜிபிஎல் குடுக்குற சுதந்திரம் கோடைப் படிக்க, மாத்த, அடுத்தவனுக்குக் குடுக்க. (அந்தக் கோப்பை ஒரு தடவையாவது திறந்து பாத்தீங்களா? ஒன் பீஸ் ஆயிரம் எபிசோடு தாண்டியாச்சு, ஸ்கிரிப்ட்ல பத்து வரி தாண்டலை. தளத்துக்காரன் எதையாவது மாத்தி ஸ்கிரிப்ட் படுத்துக்கிச்சுன்னா, யாராவது சரி பண்ணுவாங்கன்னு கொட்டாவி விட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. நல்ல புரட்சி!)

உடனே அடுத்த அஸ்திரம்: "கம்பெனிக்காரன் மட்டும் யோக்கியமா?" இல்லைதான். க்ரஞ்சிரோலே 2006ல உரிமமில்லாத வீடியோக்களை வச்சு ஆரம்பிச்ச தளம். 2009லதான் நருட்டோவுக்கு உரிமம் வாங்கி நேர்வழிக்கு வந்தாங்க. 2021ல சோனியோட ஃபனிமேஷன் அதை 117.5 கோடி டாலருக்கு வாங்கிச்சு. அப்புறம் 2024 ஏப்ரல்ல ஃபனிமேஷன் சேவையையே இழுத்து மூடினாங்க. டிவிடி, ப்ளூ-ரே வாங்கினப்போ கூட வந்த குறியீட்டைப் போட்டு ஜனங்க சேத்து வச்சிருந்த டிஜிட்டல் பிரதியெல்லாம் அம்போ. காசு குடுத்து வாங்கினவனுக்கே நாமம். இதுக்குக் கோவப்படுங்க, நானும் வரேன்.

ஆனா அந்தக் கோவத்துக்கு அனி-சிஎல்ஐ எப்படிங்க பதிலாகும்? அங்க சோனி கதவைச் சாத்துறான், இங்க முகம் தெரியாத எவனோ ஒருத்தன் சாத்துவான். 2020 ஆகஸ்ட்ல கிஸ்அனிமே காணாமப் போகலையா?

அப்புறம் இன்னொண்ணு. "நாம குடுக்குற காசு படம் வரையுறவனுக்கா போகுது?" பெரும்பாலும் போறதில்லை, நிஜம்தான். தொடரோட உரிமை பல நேரம் முதலீடு போட்ட தயாரிப்புக் குழு கையில. ஸ்டூடியோவுக்குக் கூலி மட்டும். ஜப்பான் அனிமேட்டர் சங்கம் 2015ல வெளியிட்ட ஆய்வுப்படி, இடைப்படம் வரையுறவங்களோட சராசரி ஆண்டு வருமானம் சுமார் 11 லட்சம் யென். மாசத்துக்கு ஒரு லட்சம் யென் கூட இல்லை! டோக்கியோவுல அதை வச்சு வாடகை குடுத்துட்டு என்னத்தைச் சாப்பிடுறது? அந்த ஆளோட வறுமையைக் காட்டி நாம காசு குடுக்காம பாக்குறோம் பாருங்க, அதுதான் உச்சகட்டம். நாம குடுக்காததால அவனுக்கு ஒரு யென் கூடிருச்சா?

காசு இல்லை, பாக்க ஆசையா இருக்கு, பாக்குறேன்னு சொல்லுங்க. ஹாஸ்டல்ல முக்கால்வாசிப் பேர் நிலைமை அதுதானே, நான் ஒண்ணும் கேக்கப் போறதில்லை. நடுவுல பாவம் ஸ்டால்மனை எதுக்கய்யா இழுக்குறீங்க?