பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லாதீர்கள்

ஒவ்வொரு அக்டோபர் 1ஆம் தேதியும் முதியோர் தினக் கூட்டத்தில் யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்து இதைச் சொல்லிவிடுகிறார்: "முதியோர் பிரச்சினையெல்லாம் சென்னை, கோயம்புத்தூர்ல. நம்ம பக்கம் பெரியவங்களைப் பிள்ளைங்க தாங்குறாங்க." கைதட்டலும் விழுகிறது. பல வருஷமாகக் கேட்டுப் பொறுத்துப் பார்த்துவிட்டேன்.

எந்தப் பிள்ளைகள்? மீமிசல், கோபாலப்பட்டினம், கோட்டைப்பட்டினம் என்று இந்தக் கரையோரத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் சபுர் என்று வெளிநாட்டுப் பிழைப்புக்குப் போன ஆள் இல்லாத வீடு அபூர்வம். சவூதி, துபாய், சிங்கப்பூர், மலேசியா. தாங்குவது மருமகள். அவளும் பிள்ளைகளின் படிப்புக்காக வேறு ஊருக்குக் குடிபோய்விட்டால், வீட்டில் மிஞ்சுவது இரண்டு வயசாளிகளும் ஒரு செல்போனும்தான். பிள்ளைகள் தாங்குகிறார்கள் என்றால், 2025 ஆகஸ்ட்டில் தாயுமானவர் திட்டம் என்று தொடங்கி, 70 வயதைக் கடந்தவர்களின் வாசலுக்கே அரசு ஏன் ரேஷன் அரிசியைக் கொண்டுவர வேண்டியிருந்தது?

"மாசாமாசம் பணம் வருதே" என்பது அடுத்த பதில். வருகிறது. அந்தப் பணம் யாரையும் பஸ்ஸில் ஏற்றிவிடாது.

என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, 78 வயது. ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. மறு கண்ணுக்கு அறந்தாங்கி போக வேண்டும், முப்பது கிலோமீட்டருக்கு மேல். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் வெயிலில் நின்றோம். உட்கார ஒரு திண்டு கிடையாது. வந்த பஸ் இருபதடி தள்ளிப் போய் நின்றது. அத்தா கைத்தடியோடு ஓடினார், அதை ஓட்டம் என்று சொல்ல முடியுமானால். முதல் படி அவர் முழங்காலுக்கு மேலே இருந்தது. கம்பியைப் பிடித்துவிட்டார், இடது கால் மடங்கவில்லை. "வெரசா ஏறுங்க பெரியவரே" என்று உள்ளேயிருந்து சத்தம். நான் கீழேயிருந்து இடுப்பைப் பிடித்துத் தள்ளினேன். உள்ளே போய் உட்கார்ந்தவர் அறந்தாங்கி வரைக்கும் என்னிடம் பேசவில்லை. பெற்ற மகன் பக்கத்திலேயே நின்றும் இதுதான் நடந்தது. அந்தப் படியை எந்தப் பிள்ளையாலும் தாழ்த்த முடியாது.

சட்டம் இருக்கிறது என்கிறார்கள். 2007ஆம் வருஷத்துச் சட்டப்படி, கவனிக்காத பிள்ளைமேல் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். கவனிக்க ஆசைப்பட்டும் கடல் தாண்டி இருக்கிற பிள்ளையின் தாய் தகப்பனுக்கு அந்த மனுவால் என்ன பயன்?

"இது ஊராட்சி, இங்கே எதற்கு நகரத் திட்டம்" என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாத வாதம். உலக சுகாதார நிறுவனம் 2007இல் 33 நகரங்களின் முதியவர்களிடம் கேட்டு, முதியோருக்கு ஏற்ற நகரம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வழிகாட்டி போட்டது. உட்கார இடம், சுத்தமான கழிப்பறை, சாலையைக் கடக்க நேரம், ஏறக்கூடிய பஸ். அவர்கள் கேட்டதில் மீமிசலுக்குத் தேவைப்படாதது எது? நாற்சந்தியில் லாரி வேகம் குறையாமல் வருகிறது, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக வயசாளிகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆனால் சலுகையைப் பாருங்கள்: 60 வயதானால் மாதம் பத்து இலவச டோக்கன் சென்னை மாநகர பஸ்ஸுக்கு மட்டும், 2016லிருந்து. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணமும் டவுன் பஸ்ஸில்தான். தொலைவூர் பஸ்ஸை நம்பி இருக்கும் எங்கள் கிழவிகள் டிக்கெட் எடுக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் 60 தாண்டியவர்கள். 2031இல் பதினெட்டு ஆகும் என்று மத்திய அரசின் மதிப்பீடே சொல்கிறது. அந்தப் பதினெட்டுப் பேரும் மாநகராட்சி எல்லைக்குள்ளேயா இருக்கப் போகிறார்கள்?

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருவது நல்ல காரியம், மறுக்கவில்லை. கண் ஆபரேஷன் வீட்டுக்கு வராது.

நிழற்குடையில் ஒரு திண்டு, பஸ் வந்து ஒட்டி நிற்க உயரமான ஒரு மேடை, சாலையில் ஒரு வேகத்தடை. கூட்டத்தில் மைக் பிடிப்பவர் அடுத்த தடவை இதைக் கேட்கட்டும். மறு கண்ணுக்குக் கொடுத்த தேதி இரண்டு தடவை தள்ளிப்போய்விட்டது. கார் பிடிக்கிறேன் என்றாலும் அத்தா வேண்டாம் என்கிறார். ஒரு கண் போதுமாம்.